பத்து நாளில் பறவை

குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டே ஆரம்பிக்கிறேன். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையில் ஒரு கதாநாயகன் இருந்தான். காதலில் தோற்றவன். அதை மறக்க அமெரிக்கா போனான். அங்கே, முதுகில் எஞ்சினைக் கட்டிக்கொண்டு துணிச் சிறகில் பறக்கிற பாராமோட்டார் வித்தையைப் பத்தே நாளில் கற்றுத் தேர்ந்தான். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஆயிரம் மைல் பந்தயத்தில் கலந்துகொண்டான். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் ஜெயித்தும் விட்டான். நடுவில் ஒரு புயல் வந்தது. புயல் அவனை ஒன்றும் செய்யவில்லை. எழுதுகிறவன் நான் அல்லவா?

வாசகர்கள் கொண்டாடினார்கள். "துணிச்சல் ஒன்று இருந்தால் போதும், எதையும் சாதிக்கலாம் என்று காட்டிவிட்டீர்கள்" என்று கடிதங்கள் வந்தன. எனக்கும் உச்சி குளிர்ந்தது. கடிதங்களைக் கட்டி அலமாரியில் வைத்தேன்.

சென்ற வருஷம் அரிஸோனாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே பல வருஷங்களாகக் குடும்பத்தோடு வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி. அரைப் பக்கக் கடிதம்தான். "ஐயா, உங்கள் கதையை என் தம்பி மூன்று தடவை படித்தான். இப்போது பாராமோட்டார் வாங்கிவிட்டான். பத்து நாள் எங்கோ போய்ப் பழகிவிட்டும் வந்துவிட்டான். நீண்ட தூரப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போகிறானாம். நான் ஏதாவது சொன்னால், 'அக்கா, உனக்குப் பயம்' என்கிறான். அதற்கு இந்தப் பழக்கம் போதுமா, போதாதா என்று நீங்களே அவனுக்கு எழுதிவிடுங்கள். உங்கள் சொல்லைக் கேட்பான்" என்று எழுதியிருந்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நாவலாசிரியன் புளுகுகிறான் என்பீர்கள். தூங்கத்தான் தூங்கினேன். ஆனால் மறுநாள் காலையில் காப்பி இறங்கவில்லை. அன்றுதான் அந்த வித்தையைப் பற்றி முதன்முதலாக ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். கதை எழுதுவதற்கு முன் படித்திருக்க வேண்டியதை, கதை முடிந்து, பணமும் வாங்கிச் செலவழித்தபின் படித்தேன். படிக்கப் படிக்க முகம் சிவந்தது. அந்தப் பையனுக்கு நான் எழுதிய பதில் பதினாறு பக்கம். அதன் பிறகு, ஒரு இலக்கிய நண்பரோடு இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "சாகசத்துக்கெல்லாம் பாடத்திட்டம் போட்டால் அப்புறம் உலகத்தில் சாகசமே இருக்காது. வீரனுக்கு வாத்தியார் எதற்கு?" என்றார் அவர். இந்த வார்த்தைதான் என்னை மறுபடி பேனா எடுக்க வைத்தது. அவரோடும், அவர் மாதிரிப் பேசுகிறவர்களோடும், மூன்று வருஷங்களுக்கு முன் இருந்த என்னோடும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

"நீ பறந்திருக்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாலே எனக்கு உள்ளங்கால் கூசும். பறக்காமலேயே புளுகத் துணிந்தவன், பறக்காமலே புளுகை வாபஸ் வாங்கவும் கூடாதா?

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பாராமோட்டார் என்பது ஒரு துணிச் சிறகு, அதிலிருந்து தொங்கும் கயிறுகள், கயிறுகளின் முனையில் ஒரு மனிதன், அவன் முதுகில் ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின், அதன் பின்னால் கம்பிக் கூண்டுக்குள் சுழலும் விசிறி. சக்கரம் கிடையாது. ஓடி எழும்ப வேண்டியது மனிதனின் இரண்டு கால்கள்தான். எஞ்சினும் கூண்டும் சுமார் 25 கிலோவிலிருந்து 30 கிலோ. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் டவுன் பஸ் நல்ல ரோட்டில் போகிற வேகம்.

இதை வைத்துக்கொண்டு நீண்ட தூரப் பந்தயம் நடத்துகிறார்கள். 2015-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மோன்டானாவில் தொடங்கி நெவாடாப் பக்கம் முடிகிறதாக, ஏறக்குறைய ஆயிரம் மைல் தூரத்துக்கு ஒரு பந்தயம் நடந்தது. இக்காரஸ் கோப்பை என்று பெயர். அதில் இரண்டு பிரிவு. ஒன்றில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். மற்றதில், எல்லாவற்றையும் தானே சுமந்து, தானே பெட்ரோல் தேடி, தானே ரிப்பேர் செய்து, இறங்கின இடத்தில் கூடாரம் அடித்துப் படுத்து எழுந்து போக வேண்டும். என் கதாநாயகன் இந்த இரண்டாவது பிரிவில்தான் ஜெயித்தான். அவன் கூடாரம் கொண்டுபோனதாக நான் எழுதவில்லை. பெட்ரோல் போட்டதாகவும் எழுதவில்லை.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. நான்காம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு, நான் போடவில்லை. தொட்டியில் 12 லிட்டர் பெட்ரோல். எஞ்சின் மணிக்கு 4 லிட்டர் குடிக்கிறது. மூன்று மணி நேரம் பறக்கலாம். காற்றே இல்லாவிட்டால் 150 கிலோமீட்டர். ஆயிரம் மைல் என்றால் 1,600 கிலோமீட்டர். ஆக, குறைந்தது பதினொரு தடவை இறங்க வேண்டும். பதினொரு தடவை ஏற வேண்டும். எதிர்க்காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் அடித்தால்? தரையைப் பார்த்துப் போகிற வேகம் பாதியாகிவிடும். 150 என்பது 75 ஆகும். ஒரு தொட்டிக்கு எழுபத்தைந்து! அப்போது பதினொன்று இருபத்திரண்டாகும். ஒரே மூச்சில் நெடுந்தூரம் பறந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஸ்பெயின் தேசத்து ராமோன் மோரியாஸ் 2007-ல் ஜெரெஸிலிருந்து கானரித் தீவுகளில் ஒன்றான லான்ஸரோட்டே வரை 1,105 கிலோமீட்டர் இறங்காமல் போனார். அவர் உலகப் போட்டிகளில் பலமுறை வென்றவர். அது ஒரு சாதனைக்கென்று தயாராகிச் செய்த காரியம். பந்தயக்காரனுக்கு அந்த வழி இல்லை. அவன் வழி, இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போகிற வழி.

இந்தக் கணக்கைப் போட்ட அன்றே என் கதை செத்தது. ஏனென்றால் நீண்ட தூரப் பந்தயம் வானத்தில் நடப்பதே இல்லை. பதினொரு முன்பின் தெரியாத மைதானங்களில் நடக்கிறது. வானத்தில் இருக்கும்போது ஆள் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான். பந்தயம் தோற்பதும், கால் ஒடிவதும், விசிறி உடைவதும் பெரும்பாலும் ஏறுகிற நிமிஷத்தில், இறங்குகிற நிமிஷத்தில்.

ஏறுவது என்றால் என்ன? காற்றில்லாத காலை நேரம். சிறகைப் பின்னால் பிறை மாதிரி விரித்துப் போட்டுவிட்டு முன்னே ஓட வேண்டும். முதுகில் எஞ்சின் 28 கிலோ, பெட்ரோல் 9 கிலோ, கூடாரம், படுக்கை, தண்ணீர், கருவிகள் என்று இன்னொரு எட்டோ பத்தோ. இரண்டு அரிசிச் சிப்பத்துக்குக் கொஞ்சம் குறைவான சுமையைத் தூக்கிக்கொண்டு உழுத கட்டியில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிறகு எழும்பித் தலைக்கு மேல் வரும். வந்ததா, ஒரு பக்கம் சாய்ந்ததா என்று அண்ணாந்து பார்க்கச் சுமை விடாது. கையில் பிடித்த கயிற்றின் இழுப்பிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். சாய்ந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. நேராக வந்தால் முழு வேகம் கொடுத்து மேலும் இருபது முப்பது அடி ஓட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியதும், "அப்பாடா!" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். சிறகு இன்னும் சுமையை முழுக்க ஏற்கவில்லை. ஆள் கீழே வருகிறான். கால் மடங்கியிருக்கிறது. எனவே தரையைத் தொடுவது விசிறி. ஒரு விசிறி போயிற்று, பந்தயமும் போயிற்று.

இதற்கு மருந்து என்ன? பறப்பதல்ல. எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, சிறகை மட்டும் மைதானத்தில் தலைக்கு மேல் நிறுத்திப் பழகுவது. ஆங்கிலத்தில் அதற்குப் பட்டம் விடுவது என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காற்று வந்தால் சிறகைப் பார்த்துத் திரும்பி நின்று எழுப்பிப் பழக வேண்டும். காற்று இல்லாவிட்டால் முன்னே பார்த்து ஓடிப் பழக வேண்டும். மணிக்கணக்கில். வாரக்கணக்கில். நன்றாகப் பறக்கிறவர்கள் வருஷம் பல ஆன பிறகும் இதை விடுவதில்லை. நம் வீட்டில் குழந்தை பாட்டுக் கற்றுக்கொள்ளும்போது ஸரளி வரிசையும் ஜண்டை வரிசையும் எத்தனை மாதம் கேட்டோம்? பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினாரே, ஞாபகமிருக்கிறதா? அந்த ஜன்னல் சாத்துகிற மாதங்கள் இல்லாமல் கச்சேரி உண்டா? கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள் கச்சேரியிலிருந்து ஆரம்பித்துவிடுகிறோம். எங்களுக்குப் பக்க வரம்பு இருக்கிறது.

அதிலும் பையன் கடற்கரையில் பழகியிருந்தால் இன்னும் மோசம். கடற்காற்று சீராக வரும், தரை சமம், காற்று கனம். பந்தயம் நடக்கிற மேற்கு மலை நாடுகளில் தரையே 5,000 அடி உயரத்தில் இருக்கும் இடங்கள் ஏராளம். அந்த உயரத்தில் காற்றின் கனம் கடல் மட்டத்தை விட ஏழில் ஒரு பங்கு குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறைவு. சிறகைத் தூக்க இன்னும் வேகமாக ஓட வேண்டும். எஞ்சினுக்கோ மூச்சு வாங்கும். கடற்கரையில் பத்து அடி ஓடி எழும்பினவன் இங்கே நாற்பது அடி ஓடியும் எழும்பவில்லையே என்று திகைப்பான். திகைத்து உட்கார்ந்துவிடுவான். விசிறிக் கதை மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்தது எஞ்சின். அந்தக் காலத்து ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். பெட்ரோல் பங்கில் நின்று, ஆயில் கலந்து போடச் சொல்லி, கலந்தானா இல்லையா என்று எட்டிப் பார்த்தோமே, அதே ஜாதி எஞ்சின்தான் இதுவும். பத்து லிட்டருக்கு இருநூறு மில்லி எண்ணெய் என்பது வழக்கமான கணக்கு. ஏதோ ஒரு பாலைவனத்து பங்கில், அரைகுறைத் தூக்கத்தில், வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டே பெட்ரோலை மட்டும் ஊற்றி எண்ணெயை மறந்தால் எஞ்சின் கட்டிக்கொள்ளும். ஸ்கூட்டர் என்றால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். பிளக் மாற்ற, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய, உயரத்துக்குத் தக்கபடி அதைத் திருப்பிச் சரிசெய்ய, இழுகயிறு அறுந்தால் மாற்ற, புகைக்குழாய் பிடிமானம் விரிசல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் நீண்ட தூரம் போக லாயக்கில்லை. என் கதாநாயகன் கவிதை எழுதுவான். ஸ்பானர் பிடித்ததில்லை.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இந்த வித்தையில் மோசமான காயங்கள் உயரத்திலிருந்து விழுந்துதான் வருகின்றன என்று நானும் நினைத்திருந்தேன். விபத்துகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். தரையில், எஞ்சினைத் தொடங்கும்போது, அது எதிர்பாராமல் முழு வேகத்தில் சீறிவிட, கையோ தோளோ விசிறியில் மாட்டுவதுதான் அடிக்கடி வருகிற பெரிய காயம். துணிச்சலுக்கு இங்கே என்ன வேலை? விசிறி துணிச்சலைப் பார்த்து ஒதுங்குமா? தொடங்குவதற்கு முன் வேகப்பிடி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம், நூறு தடவையில் நூறு தடவையும் பார்க்கிற அலுப்பூட்டும் பழக்கம், அதுதான் விரல்களைக் காப்பாற்றுகிறது.

சரி, வானத்திலும் பயிற்சி வேண்டாமா என்றால், வேண்டும். அதிலும் துணிச்சல்காரர்களுக்கு ஏமாற்றமே காத்திருக்கிறது. தூரப் பந்தயத்துக்கு வேகச் சிறகு வைத்துக்கொள்கிறார்கள். பின் விளிம்பு சற்று மேல் நோக்கி வளைந்த சிறகு. வேகமாகப் போகும்படி அதைத் தளர்த்தி விட்டால் குலுக்கலைத் தாங்கிக்கொண்டு சமர்த்தாகப் போகும். ஆனால் அந்த நிலையில் பிரேக் கயிறுகளைப் பலமாக இழுத்தால் அந்தச் சமர்த்து போய்விடும், சிறகு மடங்கும். பயந்த மனிதனின் கை என்ன செய்யும்? இழுக்கும்! கிணற்றில் விழுகிறவன் எதையாவது பிடிப்பது மாதிரி இரண்டு கயிற்றையும் இழுக்கும். பயம் சொல்கிற காரியம் இங்கே தப்பான காரியம். வீரம் சொல்கிற காரியமும் தப்பு. கைக்குப் பழக்கமான காரியம் ஒன்றுதான் சரி. இதற்கென்றே பிரான்ஸில் அன்னெஸி ஏரி மேலும், துருக்கியில் ஓலுடெனிஸ் கடல் மேலும் வகுப்புகள் நடக்கின்றன. எஞ்சின் இல்லாமல் மேலே போய், கீழே படகு காத்திருக்க, வாத்தியார் ரேடியோவில் சொல்லச் சொல்ல, சிறகை வேண்டுமென்றே மடக்கி, மறுபடி விரிக்கப் பழகுகிறார்கள். என் நண்பரே, வீரனுக்கு வாத்தியார் எதற்கு என்றீர்களே, அந்தப் படகுக்காரரிடம் போய்க் கேளுங்கள்.

இவ்வளவும் பழகினவனுக்கும் கடைசிப் பாடம் ஒன்று உண்டு. அதுதான் இருப்பவற்றிலெல்லாம் கடினம். பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பாடம்.

வெயில் ஏறினால் பாலை நிலம் காய்ந்து காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும். அந்த நேரத்தில் துணிச் சிறகு சோப்புக் குமிழி படுகிற பாடு படும். ஆகவே விடிந்ததும் சில மணி நேரம், சாயங்காலம் சில மணி நேரம், அவ்வளவுதான் பறக்க ஏற்ற காலம். நடுப்பகலில் மர நிழலில் படுத்துக்கொள்ள வேண்டும். மலைக்குப் பின்புறம், காற்று கவிழ்ந்து சுழல்கிற பக்கம், போகவே கூடாது. எஞ்சின் எந்த நிமிஷமும் நிற்கலாம் என்று நினைத்தே பறக்க வேண்டும். முன்னூறு மீட்டர் உயரத்தில் நின்றால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குள் இறங்கியாக வேண்டும். அதற்குள் காடு இருக்கிறதா, பள்ளத்தாக்கு இருக்கிறதா, மின்சாரக் கம்பி ஓடுகிறதா? ஏரி இருக்கிறதா? ஏரியில் இறங்குகிறவனை எஞ்சினே அடியில் இழுக்கும். கயிறுகள் காலைச் சுற்றும். வாரை அவிழ்க்கச் சில விநாடிகள்தான். குறுக்கு வழி நாற்பது கிலோமீட்டர் மிச்சம் பிடிக்கும் என்று படம் காட்டும். சுற்றிப் போகிறவனே மறுநாளும் பறக்கிறான்.

சும்மா பறக்கிறவனுக்கு இதெல்லாம் சுலபம். காற்று சரியில்லையா, சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம். பந்தயக்காரனுக்கோ தலைக்கு மேல் கடிகாரம். முன்னால் போகிறவன் எங்கே இருக்கிறான் என்பது கைப் படத்தில் புள்ளியாகத் தெரிகிறது. அந்தப் புள்ளி நகர்கிறது. தான் மட்டும் ஒரு மோட்டல் வாசலில் உட்கார்ந்து கொடிக்கம்பத்துத் துணியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றி நிற்கும் சிறுவர்கள், "எப்போது பறப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். அப்போதும் எழுந்திராமல் இருக்க எத்தனை நாள் பயிற்சி வேண்டும்? பத்து நாளா?

ஸாஷா டென்ச் என்ற பெண்மணி 2016-ல் பெவிக் அன்னங்கள் வலசை போகிற பாதையில், ருஷ்யாவின் ஆர்க்டிக் பிரதேசத்திலிருந்து இங்கிலாந்து வரை, சுமார் 7,000 கிலோமீட்டர் பாராமோட்டாரில் பறந்தார். தரையில் உதவிக்கு ஒரு குழு உண்டு. செப்டம்பரில் கிளம்பி டிசம்பர் தொடக்கத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். வகுத்துப் பாருங்கள்: நாளுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் பறத்தல். மற்ற இருபத்திரண்டு மணி நேரம் என்ன செய்தார் என்று எந்த நாவலாசிரியனாவது கேட்டானா? பத்திரிகைகள் எல்லாம் இரண்டு மணி நேரத்தைத்தான் படம் போட்டன.

இனி லைசென்ஸ் விஷயம். என் நண்பருக்கு இது பெரிய ஆயுதம். "அமெரிக்காவிலேயே லைசென்ஸ் கேட்பதில்லையே, நீ யார் கேட்க?" என்கிறார். உண்மைதான். அங்கே 1982-லிருந்து இருக்கிற விதிப்படி, 254 பவுண்டுக்குக் குறைந்த எடை, ஐந்து காலனுக்கு மேற்படாத பெட்ரோல், ஒரே ஆள், பகல் நேரம், ஜனநெருக்கமுள்ள இடத்துக்கு மேலே போகக்கூடாது என்ற வரம்புகளுக்குள் பறந்தால் லைசென்ஸ் கிடையாது. பிரிட்டனிலும் காலால் ஓடி எழும்புகிறவனுக்கு லைசென்ஸ் இல்லை. பிரான்ஸில் பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். அமெரிக்க விதியில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். "உன் உயிரை நீ பார்த்துக்கொள், பிறத்தியாரை ஏற்றாதே, பிறத்தியார் தலைமேல் போகாதே" என்கிறது. அந்தச் சுதந்திரம் இல்லாமலிருந்தால் இந்த வித்தையே இவ்வளவு வளர்ந்திருக்காது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்று எழுதியிருப்பதைப் பயிற்சி வேண்டாம் என்று படிக்கிறார்களே, அதற்குத்தான் என் கோபம். நம் வீட்டுச் சமையலறைக்கு எந்த சர்க்காரும் லைசென்ஸ் கேட்பதில்லை. அதற்காகப் புது மருமகள் முதல் நாளே இருநூறு பேருக்குக் கல்யாணச் சமையல் செய்யப் புறப்படுகிறாளா? சட்டம் கேட்காத இடத்தில் மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதானே அந்தச் சுதந்திரத்தின் விலை? அத்தோடு, "என் உயிர், என் இஷ்டம்" என்பதும் முழு உண்மை இல்லை. பள்ளத்தாக்கில் விழுந்தவனைத் தேடி ஹெலிகாப்டரில் போகிற ஆளுக்கும் உயிர் இருக்கிறது. அரிஸோனாவில் ஒரு அக்காவுக்கும் இருக்கிறது.

பத்து நாள் பள்ளிகளை நான் குறை சொல்லவில்லை. பத்து நாளில் ஒருவனை, நல்ல காற்றில், தெரிந்த மைதானத்தில், ஏறி இறங்கச் செய்கிறார்கள். அது பெரிய காரியம். அரிச்சுவடி முடிந்தது. அரிச்சுவடி முடித்தவனை மகாவித்வான் என்று கூட்டம் போட்டவர்கள் எங்களைப் போன்றவர்கள். பந்தயத்துக்குப் போகிறவனிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: தெரியாத வயல்களில் எத்தனை தடவை இறங்கி, அங்கிருந்தே, முழுச் சுமையோடு, உதவியில்லாமல் ஏறியிருக்கிறாய்? மலைப் பூமியில் எத்தனை தடவை? எஞ்சினை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிரித்துப் பூட்டியிருக்கிறாயா? ஆசையாகக் கிளம்பின நாளில், எல்லாம் கட்டி முடித்த பிறகு, காற்றைப் பார்த்துவிட்டு, எத்தனை தடவை அவிழ்த்து வைத்திருக்கிறாய்? கடைசிக் கேள்விக்கு "ஒரு தடவையும் இல்லை" என்று மார்தட்டுகிறவன்தான் முதலில் தடுத்து நிறுத்தப்பட வேண்டியவன்.

இத்தனையும் பழகினால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அதே ஸாஷா டென்ச் 2021 செப்டம்பரில் பிரிட்டனைச் சுற்றிப் பறக்கும்போது, ஸ்காட்லாந்து மலைப் பகுதியில், உடன் பறந்துகொண்டிருந்த அனுபவசாலியான ஒருவரோடு வானத்தில் மோத நேர்ந்தது. அவர் இறந்துபோனார். ஸாஷா படுகாயமடைந்தார். அதைப் பற்றிக் கதைக்கார மூளையோடு விளக்கம் சொல்ல நான் துணிய மாட்டேன். பல வருஷம் பழகியவர்களுக்கே இது என்றால், பத்து நாள் பழகியவனைக் கை தட்டி அனுப்புகிறவன் என்ன தைரியத்தில் தட்டுகிறான் என்று மட்டும் கேட்கிறேன்.

பந்தயத்தின் பெயரையே பாருங்கள். இக்காரஸ் யார்? மெழுகால் ஒட்டிய சிறகோடு சூரியனை நோக்கிப் போய், மெழுகு உருகி, கடலில் விழுந்த பையன். கிரேக்கர்கள் கதை. அதே கதையில் இன்னொருவரும் பறந்தார். அந்தச் சிறகுகளைச் செய்த தகப்பனார் டீடலஸ். "தாழப் போனால் அலை நனைக்கும், உயரப் போனால் வெயில் உருக்கும், நடுவே வா" என்று மகனிடம் சொல்லிவிட்டு, தாமும் நடுவே பறந்து, பத்திரமாகக் கரை சேர்ந்தார். நீண்ட தூரம் பறந்து ஊர் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். கோப்பை விழுந்தவன் பெயரில் இருக்கிறது! நமக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஜடாயுவும் சம்பாதியும் சூரியனை நோக்கிப் பறந்ததாக நம் கதை. தம்பியைக் காப்பாற்ற அண்ணன் தன் சிறகை விரித்து மறைத்து, தன்னுடையதைக் கருக்கிக்கொண்டான். பிறகு எத்தனையோ காலம் சிறகில்லாமல் ஒரு மலையில் கிடந்தானே, அந்த வருஷங்களை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? கதை சொல்கிறவர்களுக்கு எந்தத் தேசத்திலும் விழுகிறவன்தான் வேண்டியிருக்கிறது. ஒழுங்காகப் போய் ஒழுங்காக இறங்குகிறவனை வைத்து அத்தியாயம் முடிக்க எங்களுக்குத் தெரியவில்லை. அது எங்கள் கைத்திறன் போதாமை. அதற்குத் துணிச்சல் என்றும் வீரம் என்றும் பெயர் சூட்டி, படிக்கிற பையன்கள் தலையில் கட்டிவிட்டோம்.

பதினாறு பக்கக் கடிதத்துக்கு அந்தப் பையன் பதில் எழுதவில்லை. கோபமாக இருக்கலாம், நியாயம்தான். வீரனாக்கினவனே இப்போது வாத்தியாராக வந்து நிற்கிறேன் அல்லவா? அவன் அக்காதான் எழுதினார். தம்பி இப்போது தினம் விடியற்காலையில் எழுந்து, வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகிறானாம். பறப்பதில்லையாம். துணியை விரித்துத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறான், கீழே போடுகிறான், மறுபடி தூக்குகிறான். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வேலியில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் எண்ணம் போகவில்லை. இந்த வருஷம் இல்லை என்று மட்டும் சொல்கிறானாம்.

என் தொடர்கதை புத்தகமாக வரப்போகிறது. பத்தொன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு எழுதித் தருவதாகப் பதிப்பாளரிடம் சொன்னேன். புது அத்தியாயத்தில் கதாநாயகன் ஒரு மோட்டல் வாசலில் காற்று அடங்கக் காத்திருக்கிறான் என்றேன். "அப்புறம்?" என்றார். அப்புறமும் காத்திருக்கிறான் என்றேன். "பக்கம் எத்தனை?" என்றார். முப்பது என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கம் வந்திருக்கிறேன். கொடிக்கம்பத்துத் துணி இன்னும் படபடக்கிறது.